வந்து மறையும் பழுது

பொருள்களுக்கு நேரும் பழுது இருவகைப்படும். ஒன்று நிலையாக நிற்பது. மற்றொன்று வந்து வந்து மறைவது. முறிந்த அச்சும் கிழிந்த டயரும் முதல் வகையைச் சேர்ந்தவை. அவை தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாம் வகைப் பழுதோ தனியே இருப்பவனை வருத்தும். நாலு பேர் வந்து பார்க்கும்போது அடங்கிவிடும். அதனால் பொருள் மட்டும் கெடுவதில்லை. அதைப்பற்றி உண்மை சொன்னவனுடைய நற்பெயரும் கெடுகிறது. இதனை நான் ஒரு ஜீப்பு வண்டியினால் அறிந்தேன்.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஊர் திசையன்விளை. அதற்குத் தென்கிழக்கே சில கல் தொலைவில் உவரிக் கடல் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் எங்கும் பனைகள். இடையிடையே செம்மணல் மேடுகளாகிய தேரிகள். தேரி மணலில் சாதாரண மோட்டார் வண்டி சென்றால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் ஒருங்கே உந்தும் ஜீப்பு வண்டியே அங்குச் செல்லத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், அமெரிக்கப் படைகளுக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி அது. இந்தியா விடுதலை பெற்றபின் மகிந்திரா நிறுவனத்தார் அதனைப் பம்பாயில் இணைத்து விற்கத் தொடங்கினர். நாளடைவில் கரடுமுரடான வழிகளில் செல்லும் எந்த வண்டியையும் ஜீப்பு என்றே நம் மக்கள் அழைக்கலாயினர்.

என் சிற்றப்பாவிடம் அவ்வினத்தைச் சேர்ந்த பழைய டீசல் வண்டி ஒன்று இருந்தது. 1996ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு நான் அங்குச் சென்றிருந்தேன். பதநீர் இறங்கும் காலம் அது. பனங்காட்டு விடலிகளில் காய்ச்சிய கருப்பட்டியை ஓலைப் பெட்டிகளில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவருவது அவ்வண்டியின் வேலை. அதை ஓட்டியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். தாயும் இரு தங்கையரும் அவர் சம்பளத்தை நம்பி வாழ்ந்தனர்.

அவ்வண்டி சில வேளைகளில் புறப்பட மறுத்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஒலி மட்டும் கேட்கும், எஞ்சின் சுழலாது. அரைமணி நேரம் சென்று திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோலப் புறப்படும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கு ஒருமுறைகூட மறுத்ததில்லை. பட்டறை ஒன்றில் புதிய பேட்டரி மாற்றினர். மற்றொன்றில் செல்ப் மோட்டாரையே கழற்றிப் புதுப்பித்தனர். பணம் செலவாயிற்று, பழுது தீரவில்லை.

ஒருநாள் மாலை, தேரியோரத்தில் பனையேறி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. அவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய நேரத்தில் வண்டி அசையவில்லை. மணலில் அதனைத் தள்ளவும் இயலவில்லை. கட்டிலில் கிடத்தி, நால்வர் சாலைவரை அவரைச் சுமந்து சென்றனர். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால், பழி முழுவதும் ஓட்டுநர்மேல் விழுந்தது. “வேலைக்குச் சோம்பி வண்டிமேல் பழி போடுகிறான்” என்று சிலர் சொன்னார்கள். சிற்றப்பாவும் வேறு ஆளைத் தேடத் தொடங்கினார். “முதலாளி, நான் பொய் சொல்லவில்லை” என்பதைத் தவிர அவ்விளைஞரால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

அச்சமயத்தில் முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். ஊரார் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைப்பர். அவர் வண்டியை முதலில் தொடவில்லை. ஓட்டுநரை அருகில் அமர்த்திக்கொண்டார்.

“தம்பி, நீ கண்டதை மட்டும் சொல், நினைத்ததைச் சொல்லாதே. எப்போது மறுக்கிறது?”

“காலையில் மறுத்ததே இல்லை, அண்ணாச்சி. தேரிக்குள் ஓடி, உடனே நிறுத்தித் திருப்பினால்தான் மறுக்கிறது.”

“விளக்கு எரிகிறதா?”

“நன்றாக எரிகிறது. சாவியைத் திருப்பும்போது மட்டும் மங்கிப்போகிறது.”

அண்ணாச்சி என்னைப் பார்த்து, “இவற்றை ஒரு நோட்டில் எழுது” என்றார். பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு தேரிக்குள் ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டச் செய்தார். நிறுத்தித் திருப்பியதும் ‘டக்’ என்ற அதே ஒலி! நாங்கள் வருந்தினோம், அவரோ மகிழ்ந்தார். “இப்போதுதான் வந்திருக்கிறது. எவரும் ஒரு கம்பியையும் அசைக்கக் கூடாது” என்று சொல்லி, வோல்ட்டு அளக்கும் மீட்டரை எடுத்தார்.

அவர் செய்த சோதனையின் பொருளை அறிய ஒரு சிறு கணக்கு வேண்டும். முற்காலத்தில் மோட்டார் எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றியே இயக்கினர். கைப்பிடி எதிர்த்துச் சுழன்று எலும்பு முறிந்தவர் பலர். 1911இல் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் மின்மோட்டாரினால் எஞ்சினைச் சுழற்றும் முறையை அமைத்தார். 1912இல் காடிலாக் வண்டிகளில் அது இடம் பெற்றது. இந்த மோட்டார் சில நொடிகளே உழைக்கும். ஆயினும் அந்நொடிகளில் அது இழுக்கும் மின்னோட்டம் மிகப் பெரிது. விளக்குகளுக்கு 10 ஆம்பியர் போதுமென்றால், டீசல் எஞ்சினைச் சுழற்ற 200 ஆம்பியருக்கு மேலும் வேண்டியிருக்கும்.

மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் அவ்விடத்தில் இழக்கப்படும் வோல்ட்டு கிடைக்கும். இது 1827இல் ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் வெளியிட்ட விதி. ஓர் இணைப்பில் துருவினால் 0.02 ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். விளக்கு மட்டும் எரியும்போது இழப்பு 0.2 வோல்ட்டுதான், அதைக் கண்ணால் அறிய முடியாது. மோட்டார் 200 ஆம்பியர் கேட்கும்போதோ இழப்பு 4 வோல்ட்டு. 12 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்துவிடும். ஓய்ந்திருக்கும்போது நல்லதாகத் தோன்றும் இணைப்பின் உண்மை நிலை, பாரம் ஏறும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே, ஓட்டுநர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, அண்ணாச்சி ஒவ்வோர் இடமாக அளந்தார். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தது, பேட்டரி குற்றமற்றது. நேர்முனைக்கும் மோட்டாருக்கும் இடையே இழப்பு மிகச் சிறிது. அந்தக் கம்பியும் குற்றமற்றது. எதிர்முனைக்கும் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அளந்தார். அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டிய இடத்தில் முள் 7 வோல்ட்டைக் காட்டியது.

அப்போதும் அவர் முடிவு கூறிவிடவில்லை. தனியே ஒரு தடித்த கம்பியை எடுத்து, எதிர்முனையிலிருந்து எஞ்சினுக்கு நேரே இணைத்தார். எஞ்சின் உடனே இயங்கியது. அதனை நிறுத்திக் கம்பியை எடுத்தார், மறுத்தது. மீண்டும் இணைத்தார், இயங்கியது. மூன்றுமுறை இவ்வாறு செய்து காட்டிய பிறகே, “இந்த எர்த்துக் கம்பிதான்” என்றார்.

சட்டத்தோடு அக்கம்பியைப் பிணைத்த போல்ட்டைக் கழற்றினோம். வெளியே வண்ணம் பூசி அழகாக இருந்தது. உள்ளே இரும்பில் துருவும் செம்பில் பச்சைக் களிம்பும் படிந்திருந்தன. உவரிப் பக்கத்து உப்புக் காற்று பல ஆண்டுகளாகச் செய்த வேலை அது. எஞ்சினின் சூட்டினால் உலோகம் விரிந்தும், மேடுபள்ளங்களில் அதிர்ந்தும் அங்குத் தொடர்பு குறையும். ஆறியதும் மீண்டும் பொருந்தும். பட்டறைகளுக்கு அவ்வண்டி எப்போதும் ஆறிய நிலையிலேயே போய்ச் சேர்ந்தது. அதனால்தான் அங்கே அது குற்றமற்றதாக விளங்கியது!

உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்து, புதிய கம்பியை இறுகப் பிணைத்து, மேலே கிரீஸ் பூசினோம். பேட்டரிக்கு ஆன செலவில் மிகச் சிறு பங்கே இதற்கு ஆயிற்று. “ஒரு மாதம் ஓட்டி, ஒவ்வொரு முறையும் எழுதி வை. இன்று வராததனால் பழுது தீர்ந்தது என்று சொல்லிவிடக் கூடாது” என்று அண்ணாச்சி ஓட்டுநரிடம் கூறினார். அம்மாதம் முழுதும் நோட்டில் மறுப்பு ஒன்றும் ஏறவில்லை. சிற்றப்பா வேறு ஆள் தேடுவதை விட்டார். “தம்பி சொன்னது உண்மைதான்” என்று அவர் பலர் முன்னிலையில் சொன்னபோது அவ்விளைஞர் தலைகுனிந்து கண்ணீரை மறைத்துக்கொண்டார்.

வண்டிகளுக்கு மட்டும் உரியதன்று இம்முறை. மலேரியா நோயை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். அதில் ஒருவகை 48 மணிக்கு ஒருமுறை வரும். மற்றொரு வகை 72 மணிக்கு ஒருமுறை வரும். இடைப்பட்ட வேளையில் நோயாளி எழுந்து நடமாடக்கூடும். அந்நேரத்தில் மட்டும் பார்ப்பவன் அவரை நலமுடையவர் என்றே எண்ணுவான். காய்ச்சல் வந்த நாளையும் வேளையையும் குறித்து வைத்ததனால்தான் அதன் முறை புலனாயிற்று. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவெரான், அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை நோயாளியின் இரத்தத்திலேயே கண்டார்.

மறைந்து வரும் குறையைத் தேடுவோர், கண்டவனிடம் பொறுமையாகக் கேட்க வேண்டும். குறை தோன்றும் சூழ்நிலையிலேயே சென்று பார்க்க வேண்டும். ஒருவேளையில் ஒன்றை மட்டும் மாற்றி உறுதி செய்ய வேண்டும். பிறர் காணாத ஒன்றைக் கண்டதாக ஒருவன் சொன்னால், அவனைப் பொய்யன் என்று தள்ளுவது எளிது. அவன் நின்ற இடத்தில், அவன் நின்ற வேளையில், நாமும் ஒருமுறை சென்று நின்று பார்ப்பதே அறிவும் அறமும் ஆகும்.