நெடுந்தீவுக்கு ஒருநாள் பயணம்

வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல், 1938ஆம் ஆண்டு அவ்வூர் மாலுமிகளுடன் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. விடுமுறைக்கு வடக்கே வரும் நம் குடும்பங்கள் அந்தக் கடற்கரையில் நின்று பார்க்கும்போது, "பக்கத்தில் ஏதாவது ஒரு தீவுக்குப் போவோமே!" என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. ஆசை நல்லதுதான். பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறும்படி அல்லாஹுத்தஆலா திருமறையில் பல இடங்களில் தூண்டியிருக்கிறான். ஆனால் கடல் பயணம் திட்டமிட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

எந்தத் தீவுக்குப் போவது? கச்சதீவைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதுண்டு. பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அங்கே குடியிருப்பும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. ஆண்டுக்கொரு முறை நடக்கும் அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குத்தான் படகுகள் போகும். ஒரு நாளில் குடும்பத்தோடு போய்த் திரும்ப ஏற்றது நெடுந்தீவு.  பவளமும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்த, ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டைத் தீவு. ஒல்லாந்தர் தங்கள் ஊரின் பெயரால் இதை 'டெல்ஃப்ட்' என்று அழைத்தார்கள்.

வல்வெட்டித்துறை குடாநாட்டின் வடகரையில் இருக்கிறது. தீவுகளோ தென்மேற்கே இருக்கின்றன. எனவே படகேற முன் தரைவழியே நெடுந்தூரம் போக வேண்டும். சுப்ஹுத் தொழுதவுடன் புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். அங்கிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். காலையில் போகும் படகும் பிற்பகலில் திரும்பும் படகும் எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாளே விசாரித்துக் கொள்ளுங்கள். காற்றைப் பொறுத்து நேரம் மாறும். சில நாட்களில் படகே ஓடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வரும். மாசி, பங்குனி மாதங்களே அமைதியானவை. நயினாதீவுக்கும் இதே துறையிலிருந்துதான் படகு. ஆகவே போயா தினங்களிலும் அங்குள்ள நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழா நாட்களிலும் துறையில் நெரிசல் அதிகம். அந்நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

சகோதரிகளே, மஹ்ரமான ஆண் துணையோடு புறப்படுங்கள். காலை உணவு இலேசாக இருக்கட்டும். வயிறு நிறைந்தால் படகில் குமட்டும். கழிவறைத் தேவையைப் படகேற முன்பே முடித்துக் கொள்ளுங்கள். படகில் கால் வைக்கும்போது அபாயாவின் விளிம்பைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள். காலில் சிக்கித் தடுக்கும். உயிர்காப்பு அங்கி கொடுத்தால் வெட்கப்படாமல் அணியுங்கள். கைக்குழந்தை உம்மாவின் மடியிலும், ஓடித் திரியும் பிள்ளை வாப்பாவின் கைப்பிடியிலும் இருக்கட்டும். நூஹ் நபி (அலை) அவர்கள் கப்பலேறும்போது சொன்ன திருநாமம் ஹூத் அத்தியாயத்தில் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மனனமாக்கி விடுங்கள்.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்பார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபில் கஸ்ரு செய்வதற்குரிய தூரம் இரண்டு மர்ஹலா, அதாவது 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போகும் வழித் தூரம்தான் கணக்கு. திரும்பும் தூரத்தைச் சேர்க்கக் கூடாது. வல்வெட்டித்துறையில் குடியிருப்பவருக்கு நெடுந்தீவு அவ்வளவு தூரம் வராது. எனவே அவர்கள் முழுமையாகவே தொழ வேண்டும். புத்தளத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்து, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்க நிய்யத்து வைத்தவர்கள் முஸாஃபிர்கள். அவர்களுக்குக் கஸ்ரும் ஜம்உம் உண்டு. லுஹரைத் தீவிலும், அஸரைக் குறிகாட்டுவானுக்குத் திரும்பியும் தொழலாம். மஃரிபுக்கு யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பள்ளிவாசல்கள் இருக்கின்றன. தொழுகை விரிப்பை மறக்க வேண்டாம். கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

இனி முக்கியமான விஷயம் தண்ணீர். சுண்ணாம்புக் கல் தீவில் மழைநீர் கல்லிடுக்கில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறி விடும். வறட்சிக் காலத்தில் அத்தீவின் காட்டுக் குதிரைகள்கூடத் தண்ணீருக்குத் தவிக்கும். ஆகவே குடிப்பதற்கும் கழுவுவதற்கும் வேண்டிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். உளூவுக்கு அவர்களின் கிணற்றைத் தேட வேண்டாம். சுற்றிலும் கடல் இருக்கிறதே! கொஞ்சம் தண்ணீருடன் கடலில் போகும் நாங்கள் கடல் நீரில் உளூச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டபோது, அது தூய்மையானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். சாப்பாட்டையும் கட்டிக் கொண்டு போங்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

தீவில் ஓட்டோ பிடித்தால், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும், சாந்தில்லாமல் பவளக்கல் அடுக்கிய வேலிகளையும், புறாக்கூட்டையும், திறந்தவெளியில் மேயும் குதிரைகளையும் பார்க்கலாம். பெருக்க மரம் ஒன்றும் அங்கே நிற்கிறது. ஆபிரிக்காவுக்குரிய அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். அதன் பருத்த அடிமரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. நமக்கு உல்லாசமான அந்தப் படகு, அத்தீவு மக்களுக்கு வாழ்வின் வழி. நோயாளியும், கர்ப்பிணியும், மாணவரும், மீன் வியாபாரியும் அதில்தான் போக வேண்டும். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த மக்கள் மறுபடியும் படகேறித்தான் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை. 1990 அக்டோபரில் வீட்டையும் ஊரையும் விட்டு வெளியேற்றப்பட்ட வடபுலத்து முஸ்லிம்களான நமக்கு, அவர்களின் வேதனை புரியாமலிருக்காது.

எனவே படகில் இடம் குறைந்தால், தீவு மக்களுக்கு முதலில் வழி விடுங்கள். முதியவர் நின்றால் நம் பிள்ளை எழுந்திருக்கட்டும். அனுமதியின்றி அவர்களின் பெண்களையும் வீடுகளையும் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் வேறு மதத்தவராயினும், பயணத்தில் நம் பக்கத்தில் அமர்பவருக்கு அண்டை வீட்டார் உரிமை உண்டு. சற்று நேரமே உடனிருக்கும் தோழருக்கும் நன்மை செய்யும்படி அன்னிஸா அத்தியாயம் போதிப்பதை முஃபஸ்ஸிர்கள் இப்படித்தான் விளக்குகிறார்கள்.

திரும்பி வரும்போது நம் பையில் கிளிஞ்சல் இருக்கிறதோ இல்லையோ, அவர்களின் கிணற்றில் நீர் குறையாமலும் மனதில் நம்மைப் பற்றிய குறை இல்லாமலும் வந்தோமென்றால் அது நல்ல பயணம். அத்தகைய பயணங்களை அல்லாஹ் நம் குடும்பங்களுக்குத் தருவானாக. ஆமீன்.