காற்றைத் தாங்குபவர் யார்?

சைக்கிள் பந்தயத்தில் ஜயிப்பது காலின் பலமா, தலையின் பலமா என்று ஒரு பட்டிமன்றம் நடத்தினால், காலின் கட்சிக்கே வோட்டுகள் அதிகம் விழும். வேகமாக மிதிப்பவர் முதலில் வருகிறார். இதில் யுக்திக்கு என்ன வேலை என்று கேட்பவர்களே உலகத்தில் பெரும்பாலோர். பல வருஷங்களாகப் பெண்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஜீவனம் நடத்தி வரும் நாம், இயல்பாகவே தலையின் பக்கம் சாய்ந்தவர். ஆனால் மேல் நாடுகளில் நடக்கும் ஸ்திரீகளின் நெடுஞ்சாலைப் பந்தயங்களைச் சில வருஷங்களாக விடாமல் பார்த்து வந்ததில், மூன்றாவது கட்சி ஒன்றும் இருப்பது நமக்குப் புலனாயிற்று. அதுதான் காற்றின் கட்சி.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கோ காரியாலயத்துக்கோ சென்றவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காற்றே வீசாத நாளிலுங்கூட, வேகமாகச் செல்பவர் தமக்கு வேண்டிய எதிர்க்காற்றைத் தாமே உண்டாக்கிக் கொள்கிறார். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்வதற்கு நொடிதோறும் செலவிட வேண்டிய சக்தியோ எட்டு மடங்காகிறது. இது கணக்கு. இந்தக் கணக்கிலிருந்து தப்ப ஒரே வழிதான் உண்டு: வேறொருவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது! முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டியபடி சென்றால், சமதரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பெருங்கூட்டத்தின் நடுவிலே புகுந்துகொண்டால் அதற்கு மேலும் மிச்சமாகும்.

ஆகவே, நெடுஞ்சாலைப் பந்தயம் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. இப்போது காற்றைத் தாங்குபவர் யார்?

தனித்தனியே பரிசு பெறும் பந்தயத்தில் குழுக்கள் எதற்கு என்று வியப்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஒரு குழுவிலே ஒருவரோ இருவரோ தலைவியர். ஏனையோர் அவர்களுக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவார்கள். பின்தங்கி வரும் மோட்டார் வண்டியிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தலைவியின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இவர்களுக்கு 'வேலையாள்' என்றே பெயர். பெருங்கூட்டத்தை விட்டுச் சிலர் பிரிந்து முன்னே பாய்வதற்கு அம்மொழியில் 'தப்பியோட்டம்' என்று பெயர். தப்பியோடுகிறவர்கள் வெவ்வேறு குழுக்களைச் சேர்ந்தவர்களாயிருப்பார்கள். இருந்தாலும் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்குச் சிறிது நேரம் முன்னே வந்து காற்றைத் தாங்குவார்கள். கடைசிக் கோடு நெருங்கும் வரையில் சிநேகிதம், நெருங்கியதும் பகை. இது ஒரு விசித்திரமான உறவு.

இந்த உறவின் பெருமையையும், இது இல்லாத இடத்தின் சிறுமையையும் ஒருங்கே காட்டிய பந்தயம், 2021-ம் வருஷம் ஜூலை 25-ம் தேதி ஜப்பானில் நடந்த ஒலிம்பிக் பந்தயம். தோக்கியோவின் மேற்கே ஒரு பூங்காவில் புறப்பட்டு, ஃபியூஜி மலைப் பிரதேசத்தில் உள்ள மோட்டார் பந்தய மைதானத்தில் முடியும்படி 137 கிலோ மீட்டர் தூரம். கலந்துகொண்டவர்கள் 67 பேர். நெதர்லாந்து தேசத்துக் குழுவில் நால்வர் இருந்தார்கள்: வான் ஃப்ளூட்டன், வான் டெர் பிரெகன், மரியான் வோஸ், டெமி வோலரிங். நால்வரில் எவர் ஜயித்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆஸ்திரியா தேசத்திலிருந்து வந்திருந்தவரோ ஒரே ஒருவர். அன்னா கீஸன்ஹோஃபர் என்று பெயர். கணித சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்துக் கலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அவ்வருஷம் எந்தத் தொழில்முறைக் குழுவும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. தம் பயிற்சியையும் ஆகாரத்தையும் தாமே திட்டமிட்டுக் கொள்பவர். கணக்கு உபாத்தியாயருக்கு அவர்மீது தனிப் பிரியம் உண்டாவதில் ஆச்சரியம் என்ன?

பந்தயம் தொடங்கிய கணத்திலேயே கீஸன்ஹோஃபர் முன்னே பாய்ந்தார். நால்வர் உடன் சேர்ந்துகொண்டார்கள்: நமீபியாவின் வேரா லூஸர், தென்னாப்பிரிக்காவின் கார்லா ஓபர்ஹோல்ஸர், இஸ்ரேலின் ஓமெர் ஷபீரா, போலந்தின் அன்னா பிளிக்டா. ஐந்து தேசம், ஐந்து பெண்கள். முறை வைத்துக் காற்றைத் தாங்கினார்கள். பின்னால் இருந்த பெருங்கூட்டம், 'போகட்டும், களைத்துத் தாமே திரும்பி வருவார்கள்' என்று விட்டுவிட்டது. இடைவெளி பத்து நிமிஷத்துக்கு மேல் வளர்ந்தது. லூஸரும் ஓபர்ஹோல்ஸரும் முதலில் பின்தங்கினார்கள். முடிவுக்கு 41 கிலோ மீட்டர் இருக்கையில், ககோசாகா கணவாய் ஏற்றத்தில், மற்ற இருவரையும் விட்டுவிட்டுக் கீஸன்ஹோஃபர் தனியே புறப்பட்டார்.

பின்னால் என்ன நடந்தது? சிறு வயதில் நாம் யாவரும் கேட்ட கதை ஒன்று உண்டு. ராஜா ஒரு தொட்டியைக் கட்டி, இரவில் வீட்டுக்கு ஒரு குடம் பால் ஊற்ற வேண்டும் என்று உத்தரவிட்டானாம். எல்லோரும் பால்தானே ஊற்றப்போகிறார்கள், நாம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்களாம். விடிந்து பார்த்தால் தொட்டி நிறையத் தண்ணீர்! அன்று பெருங்கூட்டத்தில் நடந்ததும் இதுதான். நால்வர் இருக்கிறார்களே, நெதர்லாந்துக்காரர்களே இழுக்கட்டும் என்று மற்ற தேசத்தார் இருந்தார்கள். அந்த நால்வரோ ஒவ்வொருவரும் தலைவி; ஒருவருக்காக மற்றொருவர் தம்மை முழுதும் செலவழித்துக்கொள்ளும் ஏற்பாடு வலுவாக அமையவில்லை. வான் ஃப்ளூட்டன் இடையில் தனியே பாய்ந்து பார்த்தார். பிறகு கூட்டத்தோடு மீண்டும் சேர்ந்தார். போதாக்குறைக்கு, ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. முன்னே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கே பின்னால் இருந்தவர்களுக்குத் தவறிப்போயிற்று.

முடிவுக்குச் சில கிலோ மீட்டர் தூரத்தில் ஷபீராவையும் பிளிக்டாவையும் கூட்டம் பிடித்தது. தப்பியோடியவர்கள் எல்லோரும் அகப்பட்டுவிட்டார்கள் என்று பலர் எண்ணிவிட்டார்கள். வான் ஃப்ளூட்டன் கடைசியில் அற்புதமாகப் பாய்ந்து, தங்கப் பதக்கமே கிடைத்துவிட்டதென்று கைகளை உயர்த்திக்கொண்டு கோட்டைக் கடந்தார். அதற்கு ஒரு நிமிஷம் பதினைந்து விநாடிக்கு முன்பே கீஸன்ஹோஃபர் அதே கோட்டைக் கடந்து, எழுந்திருக்கவும் சக்தியின்றித் தரையிலே படுத்துவிட்டார். இத்தாலியின் லோங்கோ போர்கினி மூன்றாவதாக வந்தார்.

உலகம் இதை ஒரு தனி மனுஷியின் வெற்றி என்று கொண்டாடியது. அது வாஸ்தவமே. ஆயினும் நம் மனம் மற்ற நால்வரையே சுற்றிச் சுற்றி வருகிறது. ஆரம்பத்தில் அவர்கள் முறை தவறாமல் காற்றைத் தாங்கியிராவிட்டால் அந்தப் பத்து நிமிஷ இடைவெளி எங்கிருந்து வந்திருக்கும்? கடைசியில் அகப்பட்ட இருவர், அகப்பட்டதினாலேயே கீஸன்ஹோஃபருக்கு ஒரு திரையாக நின்றார்கள். அவர்களைப் பிடித்ததோடு வேட்டை முடிந்ததென்று வேடர்கள் வில்லைத் தளர்த்தினார்கள். அந்த நால்வருக்கும் பதக்கம் இல்லை.

பால் ஊற்றத் தெரிந்த குழு எப்படி இருக்கும் என்பதை அதே வருஷம் அக்டோபர் 2-ந் தேதி பிரான்ஸில் கண்டோம். பாரிஸ்-ரூபே என்னும் பந்தயம் ஆண்களுக்கு 1896-ல் ஏற்பட்டது. பெண்களுக்கு அது திறந்துவிடப்பட இன்னும் 125 வருஷம் வேண்டியிருந்தது! கரடுமுரடான கற்கள் பாவிய பழைய வயல்வெளிப் பாதைகள். அன்று மழைச்சேறு வேறு. இங்கிலாந்தின் லிஸ்ஸி டெய்க்னன் அப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தாய். முன்பு உலக சாம்பியனாக இருந்தவர். அன்று அவருக்கு இடப்பட்டிருந்த வேலை, முதல் கற்பாதைக்குள் முன்வரிசையில் நுழைந்து, தம் குழுவின் தலைவியருக்குத் துணையாக இருப்பது. நுழைந்தார், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. இன்னும் எண்பது கிலோ மீட்டருக்கு மேல் பாக்கி. துணிந்து தனியே சென்றார்.

அப்போது அவருடைய தோழியர் என்ன செய்தார்கள்? வேகமாக மிதித்து உதவினார்கள் என்று நினைத்தால் தவறு. அவர்கள் மிதிக்காமல் உதவினார்கள்! முன்னே செல்பவள் தம் தோழியாகையால், துரத்தும் வேலையில் அவர்களுக்குப் பங்கில்லை. துரத்துகிறவர்களின் பின்சக்கரத்தை நிழல்போல் ஒட்டிக்கொண்டு, சக்தியைச் சேமித்துக்கொண்டு வந்தாலே போதும். துரத்துகிறவளுக்கு அது எத்தனை பெரிய தர்மசங்கடம்! காற்றைத் தாங்கி டெய்க்னனைப் பிடித்துவிட்டாலும், பின்னால் களைக்காமல் காத்திருக்கும் லோங்கோ போர்கினி உடனே பாய்ந்துவிடுவாரே! இப்படித் தயங்கியதில் நேரம் போயிற்று. பிற்பாடு வோஸ் தனியே பாய்ந்து துரத்தியும் ஒரு நிமிஷம் பதினேழு விநாடி மிஞ்சி நின்றது. டெய்க்னன் கையுறையில்லாத கைகளில் ரத்தம் வழிய வெற்றி பெற்றார். மூன்றாவதாக வந்த லோங்கோ போர்கினியும் அவர் குழுவினரே. தலைவியருக்குத் துணையாக அனுப்பப்பட்டவர் தலைவியானார், தலைவியானவர் துணையானார். முகம் கோணாமல் இடம் மாற்றிக்கொள்ளத் தெரிவதே குழுவின் இலக்கணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. 2024-ம் வருஷத்து பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின் ஐந்தாவது கட்டத்தில், மஞ்சள் சட்டை அணிந்திருந்த வோலரிங், முடிவுக்கு ஆறு கிலோ மீட்டர் இருக்கையில் பலரோடு சேர்ந்து கீழே விழுந்தார். எழுந்தபோது, அவரைக் காற்றிலிருந்து காத்து அழைத்துச் செல்லப் போதிய தோழியர் பக்கத்தில் இல்லை. அன்றைய நாள் வெற்றி அதே குழுவைச் சேர்ந்த ஹங்கேரியப் பெண் பிளாங்கா வாஸுக்குக் கிடைத்தது. வோலரிங் இழந்ததோ ஒரு நிமிஷம் நாற்பத்தேழு விநாடி. கடைசி நாள் ஆல்ப் துவேஸ் மலை உச்சியில் அவரே முதலாவதாக வந்தும், எட்டுக் கட்டங்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது போலந்தின் நியெவியாதோமா நான்கே விநாடியில் சுற்றுப் பந்தயத்தை வென்றிருந்தார். ஐந்தாவது கட்டத்தில் இன்னும் ஒருவரோ இருவரோ நின்று காற்றைத் தாங்கியிருந்தால் இந்த நான்கு விநாடி எம்மட்டு? அந்த ஆண்டு முடிந்ததும் வோலரிங் வேறு குழுவுக்குப் போய்விட்டார்.

சென்ற வருஷம் நம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜில்லா சைக்கிள் பந்தயத்துக்குப் போய் ஏழாவதாக வந்தாள். அவளுடைய தோழி, நம் பள்ளிக்கூடத்துப் பெண்ணே, இரண்டாவதாக வந்து பரிசு பெற்றாள். சில நாள் கழித்து ஏழாவதாக வந்தவளின் தகப்பனார் நம்மைப் பார்க்க வந்தார். கண்ணியமானவர், மளிகைக்கடை வைத்திருக்கிறார்.

"ஏழாவது வருவதற்கா விடியற்காலம் நாலரைக்கு எழுந்திருக்கிறாள்? பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. இதையெல்லாம் நிறுத்திவிடச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அந்தப் பந்தயத்தை நாம் நேரில் பார்த்திருந்தோம். ஆற்றுப் பாலத்தின்மேல் எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் அவர் மகளே முன்னே சென்றாள். தோழி அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டு வந்தாள். பாலம் முடிந்ததும் முன்னவள் கையை அசைத்து, 'போ' என்றாள். இதை அவரிடம் சொன்னோம். தோக்கியோவில் பதக்கமின்றித் திரும்பிய நால்வரைப் பற்றியும் சொன்னோம்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதை அவள் வீட்டில் சொல்லவே இல்லையே, ஐயா" என்றார்.

சொல்லமாட்டார்கள். காற்றைத் தாங்குபவர்களின் சுபாவம் அது. நம்முடைய குடும்பங்களில் எத்தனை அன்னைமாரும் தமக்கைமாரும் பிறர் பெயருக்குப் பின்னால் இப்படி இருக்கிறார்கள் என்பதை நேயர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். வித்தியாசம் ஒன்றுதான்: பந்தயத்தில் முறை மாறும், டெய்க்னனைப் போலத் துணைக்குப் போனவரும் ஒரு நாள் கோட்டை முதலாவதாகக் கடக்கலாம். வீட்டில் அந்த முறை மாறுவதே இல்லை. அப்பெண்ணுக்கும் ஒரு நாள் தோழியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்ளும் முறை வர வேண்டும் என்பது நம் ஆசை. அதற்கு அவள் இன்னும் சில பந்தயங்களுக்குப் போயாக வேண்டும். தகப்பனார் பந்தயத்தை நிறுத்தவில்லை. பரீட்சை முடியும் வரையில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் போகலாம் என்று தீர்மானமாகியிருக்கிறது.

நேயர்கள் இனி ஒரு பந்தயத்தைப் பார்க்க நேர்ந்தால், கடைசிக் கோட்டருகில் மட்டும் கண்ணை வைத்திராமல், நாற்பது ஐம்பது கிலோ மீட்டருக்கு முன்பிருந்தே கவனியுங்கள். முன்னே செல்பவர் சட்டை காற்றில் படபடக்கும்; முகம் உப்புப் பூத்திருக்கும்; முழங்கையை மெல்ல அசைத்து, 'இனி உன் முறை' என்று பின்னவருக்குச் சாடை காட்டுவார். அப்போது பின்னவர் முன்னே வருகிறாரா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்று பாருங்கள். பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.