மலைக் குளிரில் பாம்புச் செடி... தண்ணீரைக் குறைத்தால் பிழைக்கும்!

'எப்படி வளர்த்தாலும் சாகாது' என்று சொல்லி விற்கப்படும் பாம்புச் செடி, நீலகிரி வீடுகளில் மார்கழி, தை மாதங்களில் அடி அழுகிச் சாய்ந்துவிடுவது வழக்கமாக நடப்பதுதான். செடியில் குறை இல்லை. சமவெளிக்குச் சொன்ன பக்குவத்தை மலையில் அப்படியே கடைப்பிடிப்பதால் வரும் பாதிப்பு இது.

பாம்புச் செடியின் தாயகம் வெப்பமான மேற்கு ஆப்பிரிக்கா. நம் சமவெளியின் வறண்ட காடுகளில் புதர்களுக்கு அடியில் வளரும் மருள், இதன் நெருங்கிய உறவு. அந்த மருளில் நார் எடுத்துத்தான் முன்பு கயிறும் வில் நாணும் செய்தார்கள். இரண்டுமே தடித்த இலையிலும் மண்ணுக்குள் ஓடும் கிழங்கு போன்ற தண்டிலும் நீரைச் சேமித்து வைப்பவை. வறட்சியைத் தாங்கும், ஈரமும் குளிரும் சேர்ந்தால் தாங்காது.

10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இலையில் நீர்கோத்த புள்ளிகள் விழும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் பனிக்காலத்தில் புல் மேல் உறைபனியே படிகிறது. சுமார் 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் குளிர் சற்றுக் குறைவு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் மூடுபனியும் அதிகம். வெயில் இல்லாத நாட்களில் தொட்டி மண் காய்வதே இல்லை. அதன் மேல் 'வாரம் ஒருமுறை' என்று தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகாமல் என்ன செய்யும்?

தொட்டியும் மண்ணும்

பிளாஸ்டிக் தொட்டியைவிட மண் தொட்டி நல்லது. பக்கவாட்டிலும் ஈரம் வெளியேறும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு, பெருமணல் அல்லது உடைத்த செங்கல் துண்டு இரண்டு பங்கு என்ற கலவை போதும். தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், மலையில் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கு பார்க்காமல், ஒரு குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகிப் பார்க்க வேண்டும். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் தண்ணீர் விடலாம். பனிக்காலத்தில் மாதம் ஒருமுறைகூட அதிகமாக இருக்கலாம். ஊற்றும்போது காலை நேரத்தில், இலைகளின் நடுக்குருத்தில் படாமல் ஊற்ற வேண்டும். பகலில் ஜன்னல் வெளிச்சம் நல்லது; இரவில் குளிர்ந்த கண்ணாடியை ஒட்டி வைக்கக் கூடாது.

அடி அழுகத் தொடங்கிய செடியையும் காப்பாற்றலாம். அழுகிய பகுதியை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இலையைத் துண்டாக்கி, வெட்டுவாய் காய இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து மணலில் நடலாம். மஞ்சள் ஓரம் உள்ள ரகத்தில் இலைத் துண்டிலிருந்து வரும் கன்று பச்சையாகவே வரும். மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால், பக்கக் கன்றை வேரோடு பிரித்துத்தான் நட வேண்டும். நாய், பூனை மென்றால் வாந்தி வரும். அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது.

காற்றைச் சுத்தமாக்குமா?

இந்தச் செடி இரவில் கரியமில வாயுவை உள்ளே எடுப்பது உண்மை. ஆனால், ஆக்ஸிஜன் வெளிவருவது ஒளிச்சேர்க்கை நடக்கும் பகலில்தான். 1989-ல் நாசா செய்த ஆய்வில் செடிகள் சில நச்சு ஆவிகளைக் குறைத்ததாகத் தெரிந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை. 2019-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகளை அலசி, ஜன்னல் வழியாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது தேவைப்படும் என்று காட்டினார்கள்.

இதை மலைவாசிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். குளிருக்குக் கதவு, ஜன்னலை அடைத்து, சட்டியில் கரி மூட்டிக்கொண்டு தூங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. அந்தக் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அறையில் எத்தனை பாம்புச் செடி இருந்தாலும் அதைத் தடுக்காது. தூங்கும் அறைக்குள் கரிச்சட்டியே கூடாது. தலைவலி, குமட்டல், மயக்கம் தெரிந்தால் உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

செடிக்குக் குளிர் ஆகாது என்று ஜன்னலை அடைக்கவும் வேண்டாம். தொட்டியை இரண்டடி உள்ளே நகர்த்தினால் போதும். ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.