ஆறு நரம்புகள்

நானா மௌத்தாகி நாற்பது நாள் கழிந்த பிறகு, மதினி ஒரு நீளமான பெட்டியை அனுப்பி வைத்தார். உள்ளே கிற்றார். "வீட்டில கிடந்தா கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. உங்கட மகள் ஆசப்படுறா தானே" என்று தொலைபேசியில் சொன்னார்.

அந்தக் கிற்றாரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நானா வாங்கியது. 1992இல் ஒரு ரமழான் இரவு, "இதெல்லாம் இருக்கிற வீட்டுக்கு மலக்குகள் வருவாங்களா?" என்று அவரிடம் கேட்டவன் நான். எனக்கு அப்போது இருபது வயது. நானா பதில் சொல்லவில்லை. மறுநாள் அது அலுமாரிக்கு மேலே ஏறியது. பிறகு இறங்கவே இல்லை.

பெட்டியைத் திறந்தபோது ஆறு தந்திகளும் தளர்ந்து கிடந்தன. அறுந்தவையல்ல, சாவிகளைத் திருப்பித் தளர்த்தியிருந்தார். நெடுநாள் வாசிக்காமல் வைக்கும்போது மரத்தின் மேல் இழுவை இருக்கக் கூடாதென்று அப்படிச் செய்வார்கள். ஓரத்தில், பிரிக்காத தந்திப் பொதி ஒன்றும் இருந்தது. திரும்ப வாசிக்கும் எண்ணம் இல்லாதவர் ஏன் புதுத் தந்தி வாங்கி வைக்க வேண்டும்?

பொதியில் மெல்லிய மூன்றும் வெறும் நைலோன், கண்ணாடி போலிருந்தன. தடித்த மூன்றும் நைலோன் இழைகளின் மேல் வெள்ளி முலாமிட்ட செப்புக் கம்பி சுற்றியவை. அவை கறுத்துப் போயிருந்தன. பதிலுக்கு வாங்கக் கடைக்குப் போய் "கிற்றார் கம்பி" என்றேன். உருக்குக் கம்பிகளைத் தந்தார்கள், வாங்கி வந்துவிட்டேன். மகளுக்குப் பழக்க வந்த மாஸ்டர்தான் தடுத்தார். "இது நைலோன் போடுற கிற்றார். அதில ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும். உருக்கு எண்டா 70 கிலோ வரும். பிரிட்ஜ் கழன்றிடும்" என்றார்.

ஒரு காலத்தில் இவை ஆட்டுக் குடலில் திரித்த நரம்புகள். இரண்டாம் உலகப் போரில் காயம் தைக்க அந்த நரம்பு தேவைப்பட்டதால் வாத்தியக்காரருக்குக் கிடைக்காமல் போனது. நியூயோர்க்கில் அல்பர்ட் ஒகஸ்டின் நைலோனில் தந்தி செய்தார். ஸ்பானிய மேதை செகோவியா அதை ஏற்று வாசிக்க, மற்றவர்களும் மாறினார்கள்.

இதையெல்லாம் பிறகுதான் வாசித்து அறிந்தேன். தந்தி வாத்தியம் பற்றி நம் முன்னோரிடம் ஒரே கருத்து இருந்ததில்லை என்பதையும் அப்படித்தான் அறிந்தேன். கஸ்ஸாலி இமாம் (மறைவு 1111) இசை கேட்பதை விரிவாக ஆராய்ந்து பலவற்றை அனுமதித்தார். தந்தி வாத்தியங்களை மது அருந்துவோரின் வழக்கத்தோடு சேர்த்து விலக்கினார். கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) தடைக்குக் காட்டப்படும் ஹதீஸ்கள் பலமற்றவை என்று வாதிட்டார். தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. ஆனால் 1992இல், இந்த இருவரையும் வாசிக்காமலே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். பிரிட்ஜின் துளையில் நுழைத்து, பின்னால் எடுத்து, மேலே கொண்டு வந்து, அதன் கீழாகவே வளைத்துச் செருக வேண்டும். தடித்தவற்றுக்கு ஒரு செருகல் போதும். மெல்லியவை வழுக்கும், இரண்டு மூன்று தரம் செருக வேண்டும். கடைசிச் செருகல் பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே இறுகாவிட்டால் தந்தி உருவிக்கொண்டு வந்து பலகையில் அடிக்கும். முதலாம் தந்தியில் எனக்கு அதுதான் நடந்தது. நானா பார்த்துப் பார்த்துக் காத்த பலகையில் ஒரு சிறு வடு. மகள் அதை விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

புது நைலோன் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சுருதி சேர்த்தால் மாலையில் இறங்கிவிடும். நாலைந்து நாள் விடாமல் திருப்பினோம்.

ஆறாம் நாள் மதினி பேசினார். "தந்தி எல்லாம் புதுசாப் போட்டீங்களா?"

"மூணு நான் வாங்கினது. மூணு நானா வாங்கி வெச்சது."

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "புள்ளட்ட ஃபோனைக் குடுங்க. வாசிக்கத் தெரியாட்டியும் பரவாயில்ல, ஒருக்காத் தட்டிக் காட்டச் சொல்லுங்க" என்றார்.