யாம் நடத்திய போட்டியும் யாம் கேட்ட கண்டனமும்

பிறர் செய்த காரியத்திற் குற்றங் காண்பது எவர்க்கும் எளிது. தாம் செய்த காரியத்திற் பிறர் காட்டுங் குற்றத்தைப் பொறுமையுடன் கேட்டு நிற்பதோ மிக அரிது. இவ்வுண்மையை யாம் நூல்களிற் பலகாற் படித்திருந்தோமாயினும், சென்ற ஆண்டு நமது கல்லூரியில் ஒரு நிரற்போட்டியை நடத்தி, அது பிழைபட்டு, அதனாற் பலருடைய கடுமொழிகளுக்கு இலக்காகிய பின்னரே அதனை உள்ளவாறு உணர்ந்தோம். நடந்ததை மறையாது ஈண்டு எழுதப் புகுந்தது, இனி இத்தகைய காரியங்களை முன்னின்று நடத்தும் இளைஞர்க்கு இது சிறிதேனும் பயன்படும் என்னுங் கருத்தினாலேயாம்.

பழைய மாணவர்களுள் இப்போட்டியின் இயல்பை அறியாதாரும் இருப்பராதலின், அதனைச் சில சொற்களில் விளக்குதல் வேண்டும். கணிதப் புதிர்களை ஒத்த வினாக்கள் சில கொடுக்கப்படும். போட்டியாளர் ஒவ்வொரு வினாவுக்கும் விடை காணும் முறையைக் கணினிக்கு விளங்கும் மொழியில் நிரலாக எழுதி அனுப்புவர். அந்நிரலை மனிதர் எவரும் படித்து மதிப்பிடுவதில்லை. முன்னரே மறைவாக வைத்த சோதனை எண்களை அதற்குக் கொடுத்து, அது தரும் விடை வினா அமைத்தோர் வைத்த விடையோடு ஒக்கின்றதா என்று மற்றொரு கணினியே ஒப்பிட்டுச் ‘சரி’ என்றோ ‘தவறு’ என்றோ தீர்ப்பளிக்கும். கல்லூரி மாணவர்க்குரிய உலகப் போட்டியாகிய ஐ.சி.பி.சி., 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு போட்டியிலிருந்து வளர்ந்ததாகும். பள்ளி மாணவர்க்குரிய பன்னாட்டு ஒலிம்பியாடு 1989-இல் பல்கேரியா நாட்டில் தொடங்கிற்று. பெரியவையாயினும் சிறியவையாயினும் இப்போட்டிகளெல்லாம் ஒரு நம்பிக்கையின்மேல் நிற்பவை: மறைவாக வைத்த விடை பிழையற்றது என்பதே அந்நம்பிக்கை. அது பொய்க்குமாயின், சரியாகச் செய்தவன் தண்டனை பெறுவான். தவறாகச் செய்தவன் பரிசு பெறுவான்.

எம்முள் நால்வர், ஆடவர் இருவரும் பெண்டிர் இருவருமாக, இப்போட்டியை நடத்தும் பொறுப்பை ஏற்றோம். வகுப்புக்கள் முடிந்தபின் மாலைதோறுங் கணினி ஆய்வகத்திற் கூடி, காவற்காரர் விளக்கணைக்க வந்து நிற்குமளவும் அமர்ந்து, இரண்டு மாதத்தில் ஆறு வினாக்களை அமைத்தோம். அவற்றுள் மூன்றாவது, ஒரு கடைக்காரரின் கணக்கைப் பற்றியது. நாள்தோறும் அவர் கண்ட இலாப நட்டங்கள் வரிசையாகக் கொடுக்கப்படும். தொடர்ந்து வரும் எந்நாட்களைக் கூட்டினால் மிகப் பெரிய தொகை கிடைக்குமோ அத்தொகையைக் கூறல் வேண்டும். நாட்கள் 1,00,000 வரையும், ஒரு நாளின் இலாபமோ நட்டமோ 1,00,000 ரூபாய் வரையும் இருக்கலாம் என வரம்பு கட்டினோம். ஆகவே தொகை 1,000 கோடி வரை உயரக்கூடும். எமது விடைநிரலிலோ 32 பிட்டுகளில் அடங்கும் எண்வகையைப் பயன்படுத்தியிருந்தோம். அது கொள்ளத்தக்க மிகப் பெரிய எண் 2,14,74,83,647. அதனைக் கடந்த தொகை கவிழ்ந்து குறையெண்ணாகிவிடும். படியில் அளக்கவேண்டியதன்றி மூட்டை நெல்லையே படிக்குள் கொட்ட முயன்றவரை ஒத்தோம். சோதனைத் தொகுதிகள் பன்னிரண்டனுள் சிறியவற்றை மட்டும் கையாற் கணக்கிட்டுச் சரிபார்த்தோம். பெரியவை மூன்றையும் பாராமலே நம்பினோம்.

போட்டி தொடங்கி அரைமணி கழியுமுன், ‘மூன்றாம் வினாவின் விடைகளை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்’ என்றொரு துண்டுத்தாள் வந்தது. ‘வினாவைக் கவனமாக மீண்டும் படிக்க’ என்று விடை எழுதி அனுப்பினோம். பின்னும் பல தாள்கள் வந்தன; எல்லாவற்றிற்கும் அதே விடை. பைத்தான் மொழியில் எழுதியோர் ஒருவர் தவறாது அவ்வினாவில் தோற்பதைக் கண்டு, ‘அம்மொழி மெதுவாக ஓடுவது, அதனால் வந்த வினை’ என்று எமக்குள் நகைத்தோம். மெதுவாக ஓடிய குற்றமாயின் ‘காலங் கடந்தது’ என்றன்றோ தீர்ப்பு வருதல் வேண்டும்? வந்ததோ ‘தவறு’ என்பது. அம்மொழியில் முழு எண்கள் வேண்டுமளவு பெருக இடமுண்டு; ஆதலால் அவர்கள் விடைகள் சரியாக இருந்தன, எம் விடைகளே கவிழ்ந்திருந்தன. உண்மை எம் கண்முன் வந்து நின்றும் யாம் அதனை நோக்கி நகைத்தோம்.

இரண்டு மணி நேரஞ் சென்றபின், ஓயாது முறையிட்ட ஒரு மாணவரின் தவற்றை அவருக்கே காட்டிவிடுவோம் என்னும் எண்ணத்துடன் அவர் நிரலை எம் நிரலோடு ஓட்டிப் பார்த்தோம். நாள்தோறும் 1,00,000 ரூபாய் இலாபமே கண்ட கணக்கு ஒன்று அதில் இருந்தது. அவர் விடை 1,000 கோடி. எம் விடை 214 கோடியே 74 லட்சம். அதற்குமேல் எமக்கு எவரும் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உடனே பிழையை அறிவித்து, விடைகளைத் திருத்தி, எல்லா நிரல்களையும் மீண்டும் மதிப்பிட்டு, அரைமணி நேரம் நீட்டித்தோம். தரவரிசை தலைகீழாயிற்று. எம்மைப் போலவே பிழைத்தமையால் முன்னர்ச் ‘சரி’ எனப் பெற்றோர் இப்பொழுது ‘தவறு’ எனப் பெற்றனர். முன்னர் வீழ்ந்தோர் எழுந்தனர். ஆயினும் அவர்கள் இல்லாத பிழையைத் தேடி இழந்த நேரத்தை அரைமணி ஈடுசெய்யுமோ?

அன்று மாலை சிற்றுண்டிச்சாலையிலும் விடுதித் தாழ்வாரங்களிலும் எம் பெயரே பேச்சாயிற்று. ‘நடத்தத் தெரியாதவர்கள் ஏன் நடத்தவேண்டும்?’ என்றார் ஒருவர். ‘தம் நண்பர்க்கு இடங்கொடுக்கவே நேரத்தை நீட்டினர்’ என்றார் மற்றொருவர். எமக்கு மூண்ட சினத்திற்கு அளவில்லை. ஊதியமின்றி இரண்டு மாதம் உழைத்தோமே, ஒருவரேனும் அதனை நினைந்தனரா என்று குமைந்து, அன்றிரவே நான்கு பக்கத்தில் ஒரு மறுப்புரை எழுதி, காலையில் அறிக்கைப் பலகையில் ஒட்டத் துணிந்தோம். எம் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் அதனைக் காட்டியபொழுது, அவர் முழுதும் படித்துவிட்டு, “பிள்ளைகளே, இதனை இன்று ஒட்டவேண்டாம். இதில் எத்தனை வாக்கியம் உங்களைப் பற்றியது, எத்தனை வாக்கியம் போட்டியில் எழுதியவர்களைப் பற்றியது என்று எண்ணிப் பார்த்துவிட்டு நாளை வாருங்கள்” என்றனர். எண்ணிப் பார்த்தோம். போட்டியாளரைப் பற்றியது ஒரே வாக்கியம். அதுவும் அவர்கள் நன்றியற்றவர் என்பது.

மறுநாள் அமைதியாக அமர்ந்து, கேட்ட கண்டனங்களை மூவகையாகப் பிரித்தோம். பொய்யானவை ஒருவகை. அவற்றிற்குச் சொல்லால் விடை கூறாது, எந்த நிரல் எந்நேரத்தில் வந்தது, எத்தீர்ப்புப் பெற்றது என்னும் பதிவு முழுவதையும் யாவரும் பார்க்க வைத்தோம், பேச்சு அடங்கிற்று. மெய்யானவற்றை இன்சொல்லாற் கூறியோர் சிலர். அவர்க்கு நன்றி கூறுதல் எளிதாயிருந்தது. மெய்யானவற்றை வன்சொல்லாற் கூறியோரே பலர். இவ்வகையிலேதான் எம் மனம் இடறிற்று. சொல்லின் கடுமையைப் பிடித்துக்கொண்டு பொருளின் மெய்ம்மையைத் தள்ளிவிடுவது எத்துணை வசதியான வழி! சினந்து பேசியவர், பேசும் முறையிற் பிழைத்திருக்கலாம். கணக்கிற் பிழைத்தவர் யாமல்லமோ?

அந்நாட்களில் எமக்குத் தேறுதல் அளித்தவை இரண்டு செய்திகள். கணினியியற் பேராசிரியர் டொனால்டு நூத், தம் நூல்களிற் பிழை கண்டு எழுதுவோர்க்குப் பிழையொன்றுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பும் வழக்கமுடையவர். பதினாறு அடியெண் முறையில் நூறு என எழுதப்படும் எண் 256 ஆதலின், 256 சென்ட்டுகளை அம்முறைப்படி ஒரு டாலர் என விளையாட்டாகக் கொண்டனர். வங்கிக் கணக்கு மோசடிகளை முன்னிட்டு 2008-இல் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் சான்றிதழை அனுப்பலாயினர். குற்றங் கூறியவரைப் பகைவராக எண்ணாது, தம் நூலுக்கு உழைத்தவராக எண்ணிய உள்ளம் அது. மற்றொன்று எம் பிழைக்கு மிக நெருங்கியது. ஜான் பென்ட்லி 1986-இல் வெளியிட்ட நூலிற் கண்ட, இருகூறாக்கித் தேடும் புகழ்பெற்ற முறையிலும், அதனையொட்டி ஜாவா மொழிக்கென எழுதப்பெற்ற நிரலிலும், இரண்டு எண்களைக் கூட்டுமிடத்துத் தொகை வரம்பு கடந்து கவிழும் பிழை பல்லாண்டு ஒளிந்திருந்தது. ஜாவா நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் என்பவர் தாமே 2006-இல் அதனை உலகறிய எடுத்துரைத்தார். பெரியோரும் பிழைத்தனர் என்பதனால் எம் பிழை சிறிதாகிவிடவில்லை. பிழைத்த பெரியோர் அதனை எவ்வாறு கூறினர் என்பதே யாம் கற்றுக்கொண்டது.

ஆதலின் நான்கு பக்க மறுப்பைக் கிழித்துவிட்டு அரைப்பக்க அறிக்கை எழுதினோம். பிழை யாது, எதனால் நேர்ந்தது, எப்பொழுது கண்டோம், என்ன செய்தோம், முறையிட்டோர்க்கு ஆராயாது விடையளித்தது எம் குற்றம் என்பவை மட்டும் அதில் இருந்தன. ‘ஆயினும்’ என்னுஞ் சொல் அதில் ஓரிடத்தும் வாராதபடி பார்த்துக்கொண்டோம்.

இவ்வளவில் காரியம் முடிந்தது என்றே கருதினோம். பதிவுகளை ஒழுங்குபடுத்தும்பொழுது, மூன்றாம் வினாவுக்கு முதன்முதலிற் சரியான நிரலை அனுப்பியவர் யார் என்று பார்த்தோம். முதலாண்டு மாணவி ஒருவர். போட்டி தொடங்கிய பத்தொன்பதாம் நிமிடத்தில் அனுப்பியிருந்தார். ‘தவறு’ என்று தீர்ப்பு வந்தது. அதன்பின் அவர் அதே வினாவைப் பதினான்கு முறை மாற்றி மாற்றி அனுப்பி, சரியான நிரலைத் தாமே சிறிது சிறிதாகக் கெடுத்து, ஒன்றரை மணி நேரத்திற்குப்பின் எழுந்து போய்விட்டார். துண்டுத்தாள் ஒன்றும் அனுப்பவில்லை. பின்னரும் எவரிடமும் குறை கூறவில்லை. மறுமதிப்பீட்டில் அவர் முதல் நிரல் சரியென்றாயிற்று; அதனை அறிய அவர் அங்கில்லை.

எம்முள் பெண்டிர் இருவரும் அவரை விடுதியிற் சென்று கண்டு, நடந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினர். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அக்கா, முதலில் எழுதியபொழுது அது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கணினி தவறு என்றதும், நிச்சயம் என்று நான் நினைப்பதெல்லாம் இப்படித்தான் போலும் என்று எண்ணிவிட்டேன். இது எனக்கு வராத துறை என்று வீட்டுக்குக்கூட எழுதிவிட்டேன்” என்றார். அச்சொல்லில் கடுமை சிறிதுமில்லை. ஆயினும் சிற்றுண்டிச்சாலையிற் கேட்ட வசைகள் யாவும் அதன்முன் இலேசாயின. எம்மை ஏசியவர்கள், தாம் செய்தது சரி என்று நம்பியமையால் ஏசினார்கள். அந்நம்பிக்கை அவர்களிடத்து முறியவில்லை. அவரிடத்திலோ யாம் முறித்தது அதனையே.

இவ்வாண்டுப் போட்டிக்கு முறைகளை மாற்றினோம். ஒவ்வொரு வினாவுக்கும், அதனை அமைத்தவர் அல்லாத இருவர் தனித்தனியே விடைநிரல் எழுதுவர். அவற்றுள் ஒன்று, மெதுவாக ஓடினும் ஐயத்திற்கிடமற்ற எளிய முறையில் இருத்தல் வேண்டும். எண்ணிறந்த சிறு கணக்குகளைக் கணினியே உண்டாக்கி, எல்லா நிரல்களும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்ப்போம். வரம்பின் எல்லையிலுள்ள பெரிய எண்களைத் தவறாது சேர்ப்போம். ஒரு வினாவைப் பற்றி மூன்று முறையீடுகள் வருமாயின், விடை எழுதுமுன் எம் நிரலையே முதலில் ஐயுற்று ஆராய்வோம். அம்மாணவியை விடைநிரல் எழுத அழைத்தோம்; முதலில் மறுத்தவர், ஒரு வாரங் கழித்து வந்தார். வந்த மூன்றாம் நாளில் எம் முதல் வினாவிலேயே ஒரு பிழை கண்டு, “அண்ணா, நான்தான் தவறாகப் படித்திருப்பேன், எதற்கும் ஒருமுறை பாருங்கள்” என்று தயங்கிக் கூறினார். பார்த்தோம். பிழை எம்முடையதே. ‘நான்தான் தவறாகப் படித்திருப்பேன்’ என்னும் முன்னுரை இன்னும் அவர் வாயினின்று நீங்கவில்லை. அது யாம் அவருக்குத் தந்த பரிசு.

அன்பர்களே, கண்டனத்தைப் பொறுத்தல் பெருந்தன்மை என்று பலர் கூறக் கேட்கின்றோம். எமக்கோ அது வெறும் கணக்குச் சரிபார்த்தலாகவே தோன்றுகின்றது. உரத்துக் குறை கூறுபவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைத்துக்கொள்கின்றார். அவரைக் கேட்பதற்குச் செவி ஒன்றே போதும். குறை கூறாது எழுந்து போனவரைத் தேடிச் செல்வதற்குக் கால்களும் வேண்டும். ஒரு காரியத்தை நடத்தி அது பிழைபட்டதென்று அறிந்தவர்கள், தம்மை ஏசியோரின் பெயர்களை எண்ணுமுன், ஒன்றும் பேசாது சென்றோரின் பெயர்களை எண்ணிப் பார்ப்பாராக.