பின்வாசலால் பார்த்த வாடிவீடு

பேஸ்புக்கில் ஆனையிறவு வாடிவீட்டின்ர பழைய படம் ஒண்டு சுத்திக்கொண்டு திரிஞ்சது. கீழே "அந்தக் காலம் எவ்வளவு வடிவு" எண்ட மாதிரிக் கருத்துகள். நானும் ஒரு இதயத்தைப் போட்டிட்டு அம்மப்பாவிடம் போனைக் காட்டினேன்.

"நீங்கள் இதில தங்கியிருக்கிறீங்களோ?"

அம்மப்பா சிரிச்சார். "நாங்கள் எங்க பிள்ளை தங்கிறது? நண்டு குடுக்கப் போறனாங்கள். பின்வாசலால."

முதலில் அது வாடிவீடே இல்லை, கோட்டை. வன்னியிலிருந்து குடாநாட்டுக்குள் வரும் வழியைக் காக்க ஒல்லாந்தர் வைத்திருந்தது. பிடித்த யானைகளை ஆழமில்லாத இந்தக் கடனீரேரியால்தான் யாழ்ப்பாணப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். பெயரும் அதனால் வந்ததுதான். 1795 இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் கைக்குப் போனது. பிறகு காவலுக்குத் தேவைப்படாத கோட்டையை அவர்கள் வாடிவீடாக்கினார்கள். எங்கட மடங்களைப் போல நினைச்சிடாதேங்கோ. ஊர் ஊராகப் போகும் உத்தியோகத்தர் இரவு படுத்து, காலமை சாப்பிட்டுப் போகத்தான் தீவு முழுக்க வாடிவீடுகள் கட்டினார்கள். காசிருந்தால் மற்றவர்களும் தங்கலாம், ஆனால் கடமையில் ஒரு துரை வந்தால் அவருக்குத்தான் முதலிடம்.

எங்கட வயசுக்காரருக்கு ஆனையிறவு எண்டால் கட்டிலும் காலைச் சாப்பாடுமா ஞாபகம் வரும்? 1991 சண்டை, 2000 ஏப்ரல், 2009 ஜனவரி. கோட்டையும் வாடிவீடும் அதுக்குள்ள சிதைஞ்சு போயின. அதனாலதான் அந்தப் படம் எனக்கும் இனிச்சது. சண்டைக்கு முந்தின எதுவும் அழகாகத்தான் தெரியுது. அம்மப்பாவுக்கு அப்படி இல்லை.

"முன்பக்கம் எப்பிடி இருந்ததெண்டு எனக்கு இந்தப் படத்திலதான் தெரியும்," எண்டார். படத்தைப் பெருசாக்கச் சொல்லிக் கனநேரம் பார்த்தார். சமையல்காரர் தேத்தண்ணி குடுப்பாராம். வாசல்ல நிண்டுதான் குடிக்கிறது. ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்ததுக்கு ஆரோ அதட்டினதாம். அதைச் சொல்லேக்க மட்டும் சிரிக்கேல்லை.

போட்ட இதயத்தை எடுக்கவோ விடவோ எண்டு எனக்கு இன்னும் தெரியேல்லை.

போன மாதம் கம்பஸுக்குத் திரும்பேக்க பஸ்ஸை ஆனையிறவில் நிப்பாட்டினாங்கள். எல்லாரும் அந்தக் கவச புல்டோசருக்கு முன்னால நிண்டு படம் எடுத்தார்கள். நான் தண்ணிப் பக்கம் பார்த்துக்கொண்டு அம்மப்பாவுக்குப் போன் எடுத்தேன். வாடிவீட்டைப் பற்றி அவர் ஒண்டும் கேட்கேல்லை.

"தண்ணி எவ்வளவுக்கு நிக்குது? ஆரும் வலை போடுகினமோ?"