முதல்ல கலர்... அப்புறம்தான் கறுப்பு வெள்ளை!

பழைய போட்டோக்களை ஸ்கேன் பண்ண உட்கார்ந்தா, வீட்டுல எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்... ''ரொம்பப் பழசுல இருந்து ஆரம்பிடா!'' கேட்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா, அந்தப் பேச்சைக் கேட்காதீங்க ஃப்ரெண்ட்ஸ்!

எங்க வீட்டுல மொத்தம் முந்நூறு சொச்சம் போட்டோக்கள். செமஸ்டர் லீவுல அந்தப் பொறுப்பு என் தலையில. காரணம், 'பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான்ல!' (நான் படிக்கிறது சிவில் என்பதெல்லாம் அவங்களுக்குக் கணக்கே இல்லை.) அப்பாவோட நண்பர்கிட்ட ஸ்கேனர் இரவல் வாங்கி, அப்பாயியோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

1964-ல தாத்தாவும் அப்பாயியும் ஸ்டுடியோவுல எடுத்துக்கிட்ட கல்யாண போட்டோ, தாத்தாவோட சட்டைப் பொத்தான் வரைக்கும் பளிச்னு இருக்கு. அதுக்கு 22 வருஷம் கழிச்சு, 1986 பொங்கலுக்கு எடுத்த கலர் போட்டோவோ செம்மண் புழுதியில முக்கி எடுத்த மாதிரி! கோலம், கரும்பு, நடுவுல நிக்கிற பெரிய அத்தை... எல்லாமே ஒரே சிவப்பு.

ஏன் இப்படி? கறுப்பு வெள்ளை படத்துல காகிதத்து மேல இருக்கிறது நிஜமான வெள்ளித் துகள். ஒழுங்கா கழுவின பிரின்ட்னா பல தலைமுறை தாங்கும். கலர் பிரின்ட்ல அந்த வெள்ளியைக் கழுவும்போதே வெளியே எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிறது சியான், மெஜந்தா, மஞ்சள்னு மூணு சாயம் மட்டும்தான். அந்தக் காலத்து பிரின்ட்களை இருட்டுப் பெட்டிக்குள்ள பூட்டி வெச்சாலும், பெரும்பாலும் சியான் முதல்ல மங்கிடும். அது போனா படம் சிவந்துடும். ஆக, தாத்தா வெயிட் பண்ணுவார். அத்தை வெயிட் பண்ண மாட்டாங்க!

பெரிய அத்தையை நான் பார்த்ததில்லை. 1987-ல மஞ்சள் காமாலையில போயிட்டாங்க. அந்தப் பொங்கலப்போ அவங்களுக்கு இருபது வயசு... இப்ப என் வயசு. அவங்க முகம் இருக்கிற ஒரே போட்டோ அதுதான்.

அதனால முதல் ஸ்கேன் அத்தைக்கு. 600 டி.பி.ஐ-யில வெச்சா, 4-க்கு 6 இன்ச் போட்டோ 2,400-க்கு 3,600 புள்ளிகளா விரியும். சுருக்காம டிஃப் ஃபைலா சேவ் பண்ணினா ஒரு படம் கிட்டத்தட்ட 26 எம்.பி! பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணினேன். பென்சில்ல எழுதின தேதியெல்லாம் அங்கதானே இருக்கு!

ஒரிஜினல் ஃபைலைத் தொடாம, ஒரு காப்பியில கலரைச் சரி பண்ண ஆரம்பிச்சேன். சிவப்பு குறையக் குறைய, அத்தையோட முகம் தெளிஞ்சுது. தாவணி நீலமா வந்துச்சு. லேப்டாப்பை அப்பாயி பக்கம் திருப்பினேன். கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

''மொகம் சரியாத்தான் இருக்கு தம்பி. தாவணிதான் நீலம் இல்ல... மயில்கழுத்து கலரு. முந்தின தீவாளிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தேன்.''

எந்த சாஃப்ட்வேருக்கு இது தெரியும்? போன சாயத்தை அது கணக்குப் போட்டு யூகிக்கும், அவ்வளவுதான். அது சரியா, தப்பானு சொல்ல, நேர்ல பார்த்தவங்க பக்கத்துல இருக்கணும். தாவணியை மயில்கழுத்துக்கு மாத்தினேன். அப்பாயி சொன்னதை செல்போன்ல ரெக்கார்டு பண்ணி, அதே ஃபோல்டர்ல போட்டேன்.

நீங்களும் ஆரம்பிக்கிறீங்களா? சிவக்க ஆரம்பிச்ச கலர் படங்களை முதல்ல எடுங்க. ஆல்பத்தோட ஒட்டிக்கிட்டதைப் பிய்க்காதீங்க. பக்கத்தோட அப்படியே ஸ்கேன் பண்ணுங்க. ஒரு காப்பி கண்டிப்பா வேற ஊர்ல, சொந்தக்காரங்க வீட்டுல இருக்கட்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் இருக்குல்ல? வாட்ஸ்அப்ல அனுப்பினா டாகுமென்ட்டா அனுப்புங்க; போட்டோவா போனா சுருங்கிடும். முக்கியமா, வீட்டுப் பெரியவங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க.

எங்க அப்பாயிக்கு எண்பதை நெருங்குது. இன்னும் 140 படம் பாக்கி இருக்கு. வரட்டுமா?